மூன்று டிராவலர், ஐந்து ரிங் பிரேம்: வணிக முடிவுகளைச் சோதிக்கும் மாறுபாட்டுப் பகுப்பாய்வு

கோயம்புத்தூர் வட்டாரத்து நூற்பாலை ஒன்றில் கொள்முதல் கூட்டம் நடப்பதாக வைத்துக்கொள்வோம். நூல் நூற்கும் இயந்திரமான ரிங் பிரேமுக்கான டிராவலரை இனி யாரிடம் வாங்குவது என்பதுதான் கேள்வி. டிராவலர் என்பது விரல் நகத்தைவிடச் சிறிய, வளைந்த எஃகுக் கம்பித் துண்டு. ரிங்கின் விளிம்பில் அது நிமிடத்துக்குப் பல்லாயிரம் முறை சுற்றி ஓடுவதால்தான் இழையில் முறுக்கு ஏறுகிறது, நூலும் பாபினில் சுற்றிக்கொள்கிறது. ஒரு துண்டின் விலை பெரிதல்ல. ஆனால் பாபினைச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டில் ஒவ்வொன்றுக்கும் ஒன்று வேண்டும், தேயத் தேய மாற்றவும் வேண்டும். பொருந்தாத டிராவலர் இழையை அறுத்துக்கொண்டே இருக்கும். இழை அறுந்தால், பிரேமைக் கவனிக்கும் தொழிலாளியான சைடர் வந்து ஒட்டும் வரை அந்த ஸ்பிண்டிலில் உற்பத்தி இல்லை. உருளைகளிலிருந்து தொடர்ந்து வரும் பஞ்சு, நியூமாஃபில் என்ற உறிஞ்சு குழாய் வழியே கழிவாகப் போய்ச் சேர்கிறது.

மூன்று வகை டிராவலர்களை ஓட்டிப் பார்த்தாகிவிட்டது. ஒரு ஸ்பிண்டில் ஒரு மணி நேரம் ஓடுவது ஒரு ஸ்பிண்டில் மணிநேரம். 1000 ஸ்பிண்டில் மணிநேரத்துக்கு எத்தனை அறுப்பு என்ற கணக்கில், இப்போது பயன்படுத்தும் அ வகைக்குச் சராசரி 19. புதிய ஆ வகைக்கு 15. மற்றொரு புதிய வகையான இ-க்கு 20. கொள்முதல் அலுவலர் ஆ வகையைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார். ஸ்பின்னிங் மாஸ்டரோ, ஒரே டிராவலரைப் போட்டு ஓட்டினாலும் ஒரு பிரேமில் 12, இன்னொன்றில் 24 என்று வருவதைத் தினமும் பார்ப்பவர்; நான்கு அறுப்பு வித்தியாசத்தை நம்பி மாற்றக்கூடாது என்கிறார். இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. சராசரிகளை மட்டும் வைத்துக்கொண்டு இந்த வழக்கைத் தீர்க்க முடியாது. எந்தச் சராசரிக்கும் பின்னால் இருக்கும் ஏற்ற இறக்கம் எவ்வளவு என்று தெரிந்தால்தான் நான்கு என்பது பெரிய எண்ணா சிறிய எண்ணா என்று சொல்ல முடியும்.

மாறுபாட்டுப் பகுப்பாய்வு, அதாவது வகுப்பறையிலும் அலுவலகத்திலும் அனோவா என்று வழங்கும் முறை, செய்வது இந்த ஒப்பீட்டைத்தான். குழுக்களுக்கு இடையே உள்ள வேறுபாட்டைக் குழுக்களுக்கு உள்ளே உள்ள வேறுபாட்டோடு வைத்து அளக்கிறது. டிராவலர் வகைகளுக்குள் உண்மையில் எந்த வித்தியாசமும் இல்லை என்றால், இடையே உள்ள மாறுபாடும் உள்ளே உள்ள மாறுபாடும் ஏறத்தாழ ஒரே அளவாக இருக்க வேண்டும். இரண்டின் விகிதம் ஒன்றுக்கு அருகில் நிற்க வேண்டும். விகிதம் ஒன்றைவிட வெகுவாக உயர்ந்தால், தற்செயல் மட்டுமே காரணம் என்று சொல்வது கடினமாகிறது. அந்த விகிதத்துக்கு எஃப் என்று பெயர்.

இந்த முறை பிறந்த இடம் வயல். இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் மாவட்டத்தில், ஹார்ப்பெண்டன் ஊரில் உள்ள ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் 1843 முதல் உரச் சோதனைகள் நடந்துவந்தன. அதைத் தொடங்கிய ஜான் பென்னட் லாஸ் ஓர் உர வணிகர். சூப்பர் பாஸ்பேட் உரத்துக்குக் காப்புரிமை பெற்று அதைத் தயாரித்து விற்றவர். ஆகவே விற்கும் பொருள் வேலை செய்கிறதா என்ற வணிகக் கேள்வி அந்த வயல்களில் தொடக்கத்திலிருந்தே இருந்தது. 1919-இல் ரொனால்ட் ஃபிஷர் அங்கே புள்ளியியலாளராகச் சேர்ந்தபோது, பல பத்தாண்டுகளின் விளைச்சல் பதிவுகள் குவிந்து கிடந்தன. 1923-இல் வினிஃப்ரெட் மெக்கன்சியுடன் சேர்ந்து, 12 உருளைக்கிழங்கு ரகங்கள் உரங்களுக்கு எப்படி ஈடுகொடுக்கின்றன என்பதை ஆராய்ந்த கட்டுரையில் மாறுபாட்டுப் பகுப்பாய்வு அட்டவணையை வெளியிட்டார். 1925-இல் வந்த அவருடைய நூல் அம்முறையை மற்ற துறைகளுக்குக் கொண்டுசென்றது. எஃப் என்ற எழுத்தை ஃபிஷர் தானே வைத்துக்கொள்ளவில்லை. 1934-இல் அமெரிக்காவின் அயோவாவில் ஜார்ஜ் ஸ்னெடெகர் அந்த விகிதத்துக்கு அட்டவணை தயாரித்தபோது ஃபிஷரைச் சிறப்பிக்கும் வகையில் அந்த எழுத்தைச் சூட்டினார். இதற்கெல்லாம் முன்பே, 1908-இல், சிறிய மாதிரிகளை எப்படி நம்புவது என்ற கேள்விக்கு விடை தந்த வில்லியம் கோசெட், டப்ளினில் கின்னஸ் மதுவாலையில் வேலை பார்த்தவர். நிறுவனத்தின் கட்டுப்பாடு காரணமாக 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் எழுதினார். புள்ளியியல் பாடப்புத்தகங்கள் இந்த முறைகளைக் கணிதத்தின் பிள்ளைகளாகக் காட்டினாலும், பார்லியும் உரமும் கிழங்கும் சார்ந்த செலவுக் கேள்விகளே அவற்றைப் பெற்றெடுத்தன என்பது என் எண்ணம்.

இனி நூற்பாலைக்கு வருவோம். கீழே வரும் எண்கள் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. ஆனால் சோதனையின் அமைப்பு ஆலைகளில் செய்யக்கூடியதே. ஐந்து ரிங் பிரேம்கள். ஒவ்வொன்றிலும் 1008 ஸ்பிண்டில்கள். ஒவ்வொரு பிரேமையும் 336 ஸ்பிண்டில் கொண்ட மூன்று பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு ஒரு வகை டிராவலர் போடப்படுகிறது. எந்தப் பகுதிக்கு எந்த வகை என்பது ஒவ்வொரு பிரேமுக்கும் தனித்தனியே சீட்டுக் குலுக்கி முடிவாகிறது. மூன்று ஷிப்டு அறுப்புகளையும் எண்ணி, 1000 ஸ்பிண்டில் மணிநேரத்துக்கு என்று மாற்றினால், அ, ஆ, இ என்ற வரிசையில் கிடைப்பவை இவை:

முதல் பிரேம்: 13, 11, 12
இரண்டாம் பிரேம்: 21, 13, 20
மூன்றாம் பிரேம்: 23, 21, 28
நான்காம் பிரேம்: 18, 10, 17
ஐந்தாம் பிரேம்: 20, 20, 23

பதினைந்து எண்களின் பொதுச் சராசரி 18. ஒவ்வோர் எண்ணும் 18-இலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்து, அந்த விலகல்களை வர்க்கப்படுத்திக் கூட்டினால் 380 வருகிறது. இதுதான் மொத்த மாறுபாடு. நம் கையில் உள்ள சொத்து. இதில் டிராவலரின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க வேண்டும். மூன்று சராசரிகள் 18-இலிருந்து 1, 3, 2 என்ற அளவில் விலகுகின்றன. வர்க்கங்களின் கூட்டுத்தொகை 14. ஒவ்வொரு சராசரியும் ஐந்து பிரேம்களைக் குறிப்பதால் ஐந்தால் பெருக்கினால் 70. மீதம் 310.

70-ஐயும் 310-ஐயும் அப்படியே ஒப்பிட முடியாது. அவை எத்தனை தனித்தனிச் செய்திகளால் ஆனவை என்று பார்த்து வகுக்க வேண்டும். வகுப்பில் டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம் என்று மாணவர்களை அச்சுறுத்தும் சொல்லின் பொருள் அவ்வளவே; தமிழில் அதைக் கட்டின்மைப் பாகை எனலாம். பொதுச் சராசரி தெரிந்தபின், மூன்று குழுச் சராசரிகளில் இரண்டைச் சொன்னால் மூன்றாவது தானே தெரிந்துவிடும். எனவே டிராவலருக்கு 2. பதினைந்து எண்களில் பொதுச் சராசரிக்கு ஒன்று போக 14. டிராவலருக்கு 2 போக 12. ஆக 70-ஐ 2-ஆல் வகுத்தால் 35. 310-ஐ 12-ஆல் வகுத்தால் சுமார் 25.8. இரண்டின் விகிதம் 1.35. இல்லாத வித்தியாசத்தை இருப்பதாகச் சொல்லிவிடும் வாய்ப்பை ஐந்து சதவீதத்துக்குள் நிறுத்த, இந்த விகிதம் 3.89-ஐத் தாண்டியிருக்க வேண்டும். டிராவலர்களுக்குள் வித்தியாசமே இல்லாத நிலையிலும் இவ்வளவு அல்லது இதைவிடப் பெரிய விகிதம் 29.5 சதவீத வாய்ப்பில் வரும்.

இந்த இடத்தில் கூட்டத்தை முடித்துவிடும் நிர்வாகங்கள் உண்டு. வித்தியாசம் நிரூபிக்கப்படவில்லை, ஆகவே மூன்றும் ஒன்றே, ஆகவே விலை குறைந்ததை வாங்கு என்று தீர்மானம் போகும். இந்த 'ஆகவே' இரண்டும் தவறானவை. நிரூபிக்க முடியாமல் போவதும் இல்லையென்று நிரூபிப்பதும் வேறு வேறு. மங்கிய கண்ணாடி வழியே பார்த்து ஆள் தெரியவில்லை என்றால், ஆள் இல்லை என்று பொருளாகாது. கண்ணாடியைத் துடைக்க வழி இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்க வேண்டும்.

நம் கணக்கில் கண்ணாடியை மங்கச் செய்வது எது? மீதமாக நின்ற 310-க்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். முதல் பிரேமின் மூன்று எண்களும் 11-க்கும் 13-க்கும் இடையே அடங்குகின்றன. மூன்றாம் பிரேமில் எதுவும் 21-க்குக் கீழே இறங்கவில்லை. ஒரு பிரேம் பழையது, இன்னொன்று ஈரப்பதம் சரியாக எட்டாத மூலையில் நிற்பது, மற்றொன்றின் ரிங்குகள் அண்மையில்தான் மாற்றப்பட்டவை என்று காரணங்கள் பல இருக்கலாம். காரணம் எதுவானாலும் அது டிராவலரின் குற்றமல்ல. ஆனால் முதல் கணக்கில் பிரேம்களுக்கு இடையே உள்ள இந்த வேறுபாடு முழுவதையும் தற்செயல் என்ற ஒரே மூட்டையில் கட்டிவிட்டோம். ஸ்பின்னிங் மாஸ்டர் கண்டு அஞ்சிய ஏற்ற இறக்கத்தின் பெரும்பகுதி இதுதான்.

பிரேம்களின் சராசரிகள் முறையே 12, 18, 24, 15, 21. 18-இலிருந்து இவற்றின் விலகல்களை வர்க்கப்படுத்திக் கூட்டினால் 90. ஒவ்வொரு பிரேமிலும் மூன்று பகுதிகள் உள்ளதால் மூன்றால் பெருக்கினால் 270. மொத்தம் 380-இல் 270 பிரேமுக்கு, 70 டிராவலருக்கு; இரண்டாலும் விளக்க முடியாத எச்சம் 40 மட்டுமே. இந்த எச்சம் என்னவென்று ஒரே ஓர் எண்ணை எடுத்துப் பார்க்கலாம். இரண்டாம் பிரேமின் சராசரி 18. ஆ வகை பொதுச் சராசரியைவிட மூன்று குறைவாக அறுக்கிறது. ஆகவே அந்தப் பகுதியில் 15 வரும் என்று எதிர்பார்க்கிறோம். வந்தது 13. இந்த இரண்டு அறுப்புக் குறைவுக்கு நம்மிடம் விளக்கமில்லை, இதுவே தற்செயல். பதினைந்து இடங்களிலும் இத்தகைய எச்சங்களை வர்க்கப்படுத்திக் கூட்டியதுதான் 40. முன்பிருந்த 12 கட்டின்மைப் பாகைகளில் பிரேம்களுக்கு 4 போக 8 நிற்கிறது. 40-ஐ 8-ஆல் வகுத்தால் 5. இப்போது விகிதம் 35-க்கு 5, அதாவது 7. தாண்ட வேண்டிய எல்லை 4.46. தற்செயலாக இப்படி வரும் வாய்ப்பு 1.75 சதவீதம்.

எண்கள் மாறவில்லை, டிராவலர் மாறவில்லை, சோதனையை அமைத்த விதத்துக்கு ஏற்ற கணக்கைப் போட்டோம், விடை மாறிவிட்டது. வேளாண் கல்லூரி மாணவர்கள் சமவாய்ப்புத் தொகுதி அமைப்பு என்று படிப்பது இதையே. ஃபிஷரின் வயலில் ஒரு மூலை வளமாகவும் மறுமூலை கல்லாகவும் இருந்ததால், அருகருகே உள்ள பாத்திகளை ஒரு தொகுதியாக்கி, தொகுதிக்குள் எல்லா உரங்களையும் இட்டு ஒப்பிட்டார்கள். வணிகத்தில் வளமான மூலைகள் வேறு உருவில் வருகின்றன: தீபாவளி வாரம், பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள கிளை, பத்தாண்டு அனுபவமுள்ள விற்பனையாளர். இவற்றை ஒழிக்க முடியாது. ஒவ்வொரு கிளைக்குள்ளும், ஒவ்வொரு வாரத்துக்குள்ளும் ஒப்பிட முடிந்தால் அவற்றின் பங்கை மட்டும் பிரித்து வெளியே வைத்துவிடலாம்.

சீட்டுக் குலுக்கியதைச் சடங்கு என்று நினைப்பவர்கள் உண்டு. மாஸ்டருக்குத்தான் பிரேமைத் தெரியுமே, அவரே நல்ல பகுதியைப் பார்த்துப் போடட்டும் என்பார்கள். அவர் நல்லெண்ணத்தோடே செய்தாலும், புதிய டிராவலருக்குச் சீரான பகுதி போய்ச் சேர்ந்துவிட்டால் அந்தச் சாய்வைப் பின்னால் எந்தக் கணக்காலும் எடுக்க முடியாது. இன்னொரு காரணமும் இருக்கிறது. ஒரு பிரேமுக்குள் மூன்று டிராவலர்களை ஆறு விதமாக அடுக்கலாம். ஐந்து பிரேம்களுக்கும் சேர்த்து 7,776 விதங்கள். அவற்றுள் ஒன்றுதான் குலுக்கலில் விழுந்தது. டிராவலர்களுக்குள் வித்தியாசமே இல்லை என்றால், எந்த அடுக்கு விழுந்திருந்தாலும் அந்தந்தப் பகுதியில் அதே அறுப்பு எண்ணிக்கைதான் வந்திருக்கும். அந்த 7,776-இல் எத்தனை அடுக்குகள் நமக்குக் கிடைத்த அளவுக்குப் பெரிய விகிதத்தைத் தரும் என்று எண்ணிப் பார்ப்பதே தற்செயலின் வாய்ப்பு என்பதன் நேரான பொருள். எஃப் அட்டவணை அந்த எண்ணிக்கைக்கு ஒரு நல்ல தோராயம். குலுக்கல் இல்லாவிட்டால் அந்த 1.75 சதவீதம் எதன் சதவீதம் என்று சொல்வதே சிக்கலாகிவிடும்.

வணிக அலுவலகங்களில் மிக அதிகமாக நடக்கும் தவறு ஒன்றை இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். மூன்று கிளைகள் உள்ள துணிக்கடை, கிளைக்கு ஒரு தள்ளுபடித் திட்டம் என்று மூன்று திட்டங்களை ஒரு மாதம் நடத்துகிறது. மாத முடிவில் பத்தாயிரம் பில்கள். அவற்றைக் கணினியில் ஏற்றி அனோவா போட்டால், எஃப் விகிதம் பிரமாதமாக உயர்ந்து நிற்கும். மேலாளர் மகிழ்ந்து திட்டத்தை முடிவு செய்வார். ஆனால் திட்டம் கொடுக்கப்பட்டது பில்லுக்கு அல்ல, கிளைக்கு. ஒரு திட்டத்துக்கு ஒரே கிளை. பத்தாயிரம் பில் இருந்தாலும் சோதனையின் அளவு மூன்றுதான்; திட்டத்தின் விளைவையும் கிளையின் இயல்பையும் பிரிக்க அந்தத் தரவில் வழியே கிடையாது. நம் ஆலைக் கணக்கிலும் 336 ஸ்பிண்டில்களையும் தனித்தனி எண்களாக உள்ளிட்டு 5,040 பதிவுகள் என்று பெருமைப்பட்டிருக்கலாம். அது தவறு, குலுக்கலில் டிராவலர் விழுந்தது பகுதிக்கு, ஆகவே எண்ண வேண்டியது பகுதியை.

இந்தத் தவறுக்கு வெட்கப்பட வேண்டியதில்லை, ஃபிஷருக்கே நேர்ந்தது. 1923-ஆம் ஆண்டு உருளைக்கிழங்குக் கட்டுரையில், பெரிய பாத்திகளுக்கு இடையே உள்ள பிழையையும் அவற்றைப் பிரித்த சிறிய பாத்திகளுக்கு இடையே உள்ள பிழையையும் வேறுபடுத்தாமல் ஒரே பிழையாக அவர் கையாண்டிருந்தார். 1925-ஆம் ஆண்டு நூலில் அதே சோதனையின் தரவை மீண்டும் எடுத்து, இரு அடுக்குகளையும் பிரித்துக் காட்டினார். எந்த அலகுக்கு நடவடிக்கை தரப்பட்டதோ அந்த அலகுகளுக்கு இடையே உள்ள மாறுபாட்டைத்தான் எஃப் விகிதத்தில் வகுக்கும் எண்ணாக வைக்க வேண்டும் என்ற விதியை, அனோவாவைப் பற்றி ஒரே ஒரு விஷயம் சொல்ல அனுமதி கிடைத்தால் நான் சொல்வேன்.

மற்ற நிபந்தனைகளை இதோடு ஒப்பிட்டால் சீக்கிரமாகக் கடந்துவிடலாம். எச்சங்கள் இயல்நிலைப் பரவலை, அதாவது நடுவில் குவிந்து இருபுறமும் சமமாகக் குறையும் மணி வடிவத்தை, ஒட்டியிருக்க வேண்டும் என்பார்கள். குழுக்களின் அளவு சமமாக இருந்தால் சிறிய பிறழ்வுகளை இம்முறை தாங்கிக்கொள்ளும். குழுக்களின் உள் மாறுபாடு ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில் கூடுதல் கவனம் தேவை. அறுப்பு, பழுது, புகார் போல எண்ணி வரும் தரவுகளில், சராசரி உயர உயர ஏற்ற இறக்கமும் உயரும். அப்போது எண்களின் வர்க்கமூலத்தை எடுத்துக் கணக்கிடுவது பழைய, நல்ல வழக்கம். மூன்றாம் பிரேமின் 28 துருத்திக்கொண்டு தெரிகிறதே என்று அதை அழித்துவிட்டுக் கணக்குப் போடுவது மட்டும் கூடாது. பதிவேட்டில் தவறு இருப்பதாகக் காட்ட முடிந்தால் ஒழிய அந்த எண் அங்கேயே இருக்க வேண்டும். கணக்கைக் கையால் போட வேண்டிய அவசியமும் இல்லை. எக்செலின் டேட்டா அனாலிசிஸ் பட்டியலில் மூன்று அனோவாக்கள் இருக்கின்றன. நம்முடையதற்கு ஏற்றது 'டூ-ஃபேக்டர் வித்தவுட் ரெப்ளிகேஷன்'. பலரும் பழக்கத்தால் முதலில் இருக்கும் 'சிங்கிள் ஃபேக்டர்' மீது சொடுக்கி, நாம் முதலில் கண்ட 1.35-ஐ வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

சரி, விகிதம் 7, எல்லையைத் தாண்டிவிட்டது. ஆ வகையை வாங்கலாமா? இங்கேதான் பொறுமை வேண்டும். எஃப் சொல்வது மூன்றும் ஒன்றல்ல என்பதை மட்டுமே. எது எதிலிருந்து வேறுபடுகிறது என்று அது சொல்வதில்லை. இரண்டிரண்டாக எடுத்துத் தனித்தனிச் சோதனை செய்தால் தவறு பெருகும். ஐந்து வகைகளை ஒப்பிட்டால் பத்து ஜோடிகள். ஒவ்வொன்றிலும் ஐந்து சதவீதத் தவறுக்கு இடம் கொடுத்து, அவை ஒன்றையொன்று சாராதவை என்று கொண்டால், எங்காவது ஓர் இடத்தில் இல்லாத வித்தியாசத்தைக் கண்டுவிடும் வாய்ப்பு 40 சதவீதம். ஜோடிகள் ஒன்றையொன்று சார்ந்திருப்பதால் உண்மையில் சற்றுக் குறையும் என்றாலும், ஏற்கத்தக்க அளவல்ல. இதைக் கட்டுப்படுத்தப் புள்ளியியலாளர் ஜான் டூக்கி வகுத்த முறையை நம் எண்களுக்குப் பயன்படுத்தினால், இரு சராசரிகளுக்கு இடையே குறைந்தது 4.04 வித்தியாசம் இருக்க வேண்டும் என்று வருகிறது. இ-க்கும் ஆ-வுக்கும் வித்தியாசம் 5, தேறிவிட்டது. இப்போது பயன்படுத்தும் அ-வுக்கும் ஆ-வுக்கும் வித்தியாசம் 4, மயிரிழையில் தவறிவிட்டது.

ஆலைக்கு வேண்டிய ஒப்பீடு இதுதான். இ வகையை யாரும் பயன்படுத்தவில்லை. சார்லஸ் டன்னெட் 1955-இல் வெளியிட்ட முறை, இருப்பதோடு புதியவற்றை மட்டும் ஒப்பிடுவதற்கென்று அமைந்தது. கேள்விகள் குறைவதால் தாண்ட வேண்டிய எல்லையும் குறைந்து சுமார் 3.8 ஆகிறது. 4 அதைத் தாண்டிவிடுகிறது. அப்படியானால் டன்னெட்டையே எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். சோதனை தொடங்கும் முன்பே, இருக்கும் டிராவலரை மாற்றலாமா என்பது மட்டுமே நம் கேள்வி என்று எழுதி வைத்திருந்தால் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். டூக்கியைப் போட்டுப் பார்த்து, விரும்பிய விடை வரவில்லை என்று பிறகு டன்னெட்டுக்குத் தாவினால், ஐந்து சதவீதம் என்ற உறுதிமொழி உடைந்துவிடுகிறது. முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நேரம் டிராவலரைப் பூட்டுவதற்கு முன். கணிப்பொறி எல்லா முறைகளையும் ஒரே சொடுக்கில் தரும் இந்தக் காலத்தில், எந்தக் கேள்வி என்று ஒரு தாளில் முன்னதாக எழுதித் தேதி போட்டு வைப்பது எளிய செயலாகத் தோன்றினாலும், அதைச் செய்யும் அலுவலகங்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

தேறியதா தவறியதா என்ற வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்வதும் வணிகத்துக்குப் போதாது. 4.04 சுவரல்ல, அதற்கு இப்பால் உண்மையும் அப்பால் பொய்யும் வசிப்பதில்லை. பயன்படத்தக்க விடை ஓர் இடைவெளியாக வர வேண்டும்: டூக்கியின் கணக்குப்படி, ஆ வகைக்கு மாறினால் 1000 ஸ்பிண்டில் மணிநேரத்துக்குக் குறையும் அறுப்பு பூஜ்யத்துக்கும் எட்டுக்கும் இடையே, நடுமதிப்பு நான்கு. இதை ஆலையின் மொழிக்கு மாற்றலாம். 1008 ஸ்பிண்டில் பிரேம் ஒரு நாள் முழுதும் ஓடினால் 24,192 ஸ்பிண்டில் மணிநேரம். நான்கு அறுப்பு குறைந்தால் ஒரு பிரேமில் நாளுக்கு ஏறத்தாழ 97 அறுப்பு மிச்சம். எட்டு குறைந்தால் 194. பூஜ்யம் என்றால் எதுவும் இல்லை. முப்பது பிரேம் உள்ள ஆலையில் நடுமதிப்பே நாளுக்கு 2,900 அறுப்பைக் குறைக்கிறது. அத்தனை முறை சைடர் நடந்து போய்க் குனிந்து இழையை ஒட்ட வேண்டியதில்லை. இந்த மிச்சத்தோடு ஆ வகையின் கூடுதல் விலையையும், அது தேய்ந்து மாற்ற வேண்டிய நாள்களையும் வைத்துப் பார்க்கும் போதுதான் கொள்முதல் கூட்டத்துக்குப் பொருள் உண்டாகிறது. விலை சற்றே அதிகம் என்றால், இடைவெளியின் கீழ்முனை பூஜ்யத்தைத் தொட்டாலும் மாறுவது நியாயமாக இருக்கலாம். விலை இரு மடங்கு என்றால், எட்டு அறுப்பு குறைந்தாலும் கட்டுப்படியாகாமல் போகலாம். இந்தத் தீர்ப்பை எஃப் அட்டவணை தராது.

இதற்கு எதிர்ப்பக்கத்திலும் ஓர் ஆபத்து இருக்கிறது. இணைய விற்பனைத் தளங்களில் இலட்சக்கணக்கான வருகைகளை வைத்துச் சோதிக்கும்போது, சராசரிகளின் தற்செயல் ஏற்ற இறக்கம் மிகச் சிறியதாகி, காசு பெறாத வித்தியாசமும் எல்லையைத் தாண்டிவிடும். அங்கே தேறியது என்ற சொல்லைக் கேட்டதும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எவ்வளவு என்பதே.

டிராவலரைப் பொறுத்து இன்னும் ஒன்று பாக்கியிருக்கிறது. மேலே கண்ட சோதனை ஒரே ஸ்பிண்டில் வேகத்தில் நடந்தது. வேகம் கூடினால் இழையின் இழுவிசை கூடும். அதனால்தான் வேகத்தைக் கூட்டும் ஆலைகள் எடை குறைந்த டிராவலருக்கு மாறுகின்றன. ஆக, குறைந்த வேகத்தில் முதலாவதாக வரும் டிராவலர் உயர்ந்த வேகத்தில் கடைசியாக வரக்கூடும். ஒரு காரணியின் விளைவு இன்னொரு காரணியைப் பொறுத்து மாறும் இந்த நிலையை இடைவினை என்கிறார்கள். முதலில் நல்ல டிராவலரைக் கண்டுபிடி, பிறகு அதை வைத்து நல்ல வேகத்தைக் கண்டுபிடி என்று ஒவ்வொன்றாகப் போகும் வழக்கம் இடைவினையைக் காணவே காணாது. டிராவலர்களையும் வேகங்களையும் எல்லாச் சேர்க்கைகளிலும் ஒரே சோதனையில் ஓட்டினால், மாறுபாட்டுப் பகுப்பாய்வு அட்டவணை இடைவினைக்குத் தனி வரி தரும். விலையும் விளம்பரமும், சம்பளமும் ஊக்கத்தொகையும் என்று எந்த இரண்டைச் சேர்த்து மாற்றினாலும் முதலில் படிக்க வேண்டியது அந்த வரியைத்தான். அது பெரிதாக இருந்தால், 'சராசரியாக எது சிறந்தது' என்ற கேள்விக்குப் பொருளே இல்லாமல் போகிறது.

நம் ஆலை இப்போதைக்கு வேகத்தை மாற்றப் போவதில்லை என்றால், செய்யத்தக்கது இன்னொரு சுற்று. எச்சத்தின் அளவு முன்போலவே 5-ஆக இருக்குமானால், பத்து பிரேம்களில் அமைக்கும் சோதனையில் டூக்கியின் எல்லை 4.04-இலிருந்து சுமார் 2.55-க்கு இறங்கும். நான்கு அறுப்பு வித்தியாசம் உண்மையிலேயே இருந்தால், அப்போது எல்லையைத் தாண்டும் வாய்ப்பு வெகுவாகக் கூடும். அந்தப் பத்து பிரேம்களில் டிராவலர் மாற்ற ஆகும் நேரமும், மூன்று ஷிப்டு எண்ணுவதற்கான ஆளும், மூன்று வகையிலும் தலா 3,360 துண்டும்தான் இதன் செலவு. கொள்முதல் அலுவலர் அந்தச் செலவை ஓராண்டு டிராவலர் பில்லுக்கு எதிரே எழுதிப் பார்க்கட்டும். மாஸ்டர் இதற்கிடையே பத்து பிரேம்களுக்கும் சீட்டு எழுதி வைக்கலாம்.